மலையகத்துக்குப் பழைய கார் வாங்குவது: சி.ஆர். புத்தகத்திலிருந்து றம்பொடை இறக்கம் வரை

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் ஐந்தாறு வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய கார், அட்டனுக்கு வந்து ஆறே மாதத்தில் கராஜில் நிற்பதை மலையகத்தில் அடிக்கடி பார்க்கலாம். விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. சமதரையில் அந்தக் காரின் குறை வெளியே தெரிய வாய்ப்பே வந்திருக்காது. கினிகத்தேனையிலிருந்து அட்டன் வரை இரண்டாம் கியரில் ஏறும்போது ரேடியேட்டர் படும் பாடும், றம்பொடையில் இறங்கும்போது பிரேக் படும் பாடும் காலி வீதியில் கிடையாது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குவரை இழக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது அந்தச் சிறிய மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால், கொழும்பில் தாங்கிய கார் நானுஓயாவில் கொதிக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், பெயின்ட், ரிம், ஸ்பீக்கர் எல்லாம் கடைசியில் பார்க்க வேண்டியவை என்பது தானாகப் புரியும்.

காரைத் தேடும் முன்

எந்த ரோட்டில், எத்தனை பேரோடு ஓடப்போகிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். கண்டி டவுனுக்குள் இரண்டு பேர் போய்வர ஒரு கார் வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஐந்து பேரும் மூட்டையுமாக வாரம் ஒருமுறை இறங்கி ஏற வேறொரு கார் வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து வீடுவரை உள்ள தோட்டத்து ரோட்டின் கடைசி இரண்டு கிலோமீற்றர்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். தாழ்வான காரின் ஒயில் சம்பும் சைலன்சரும் அந்தக் கல்லில்தான் அடிவாங்கும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். பெட்ரோல் கார் என்றால் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள்; ஹைபிரிட் என்றால் இன்னும் கூடுதலாக. பழைய கார் முதல் மூன்று மாதத்தில் டயர், பிரேக், பெட்டரி என்று ஏதாவது கேட்காமல் விடாது. லீசிங் எடுத்து, மாதத் தவணையோடு பழுதுச் செலவும் சேர்ந்தால் தாங்குமா என்று வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் புதிதாக வண்டி வராததால், சந்தையில் இருக்கும் பெரும்பாலான கார்கள் அதற்கு முன் வந்தவை. மீட்டரில் ஓட்டம் குறைவாகத் தெரிந்தாலும் ரப்பர், ஹோஸ், ஹைபிரிட் பெட்டரி எல்லாவற்றுக்கும் வயது ஏறிவிட்டது. ஓட்டத்தை மட்டும் கேட்காமல் வயதையும் கேளுங்கள்.

எந்த வகை?

இந்திய ஆல்ட்டோவின் 796 சிசி எஞ்சின் எளிமையானது. எந்தக் கராஜ் பாஸுக்கும் அத்துப்படி, பாகமும் மலிவு. இரண்டு மூன்று பேருக்கு மலையிலும் போதும். ஐந்து பேரோடு தலவாக்கலையிலிருந்து நுவரெலியா ஏறினால் முதலாம், இரண்டாம் கியரிலேயே கிடக்கும்; கிளச் சீக்கிரம் தேயும். இதில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றிய திகதிக்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகன் ஆர் 660 சிசி வகை. ஹைபிரிட் என்று பெயர் இருந்தாலும் அதன் சிறு மோட்டார் ஏற்றத்தில் பெரிதாகத் தள்ளாது. விட்ஸில் 1000 சிசி, 1300 சிசி இரண்டும் உண்டு. மேல்நாட்டுக்கு 1300 எடுப்பது நல்லது. அக்ஸியோ, அலியன் போன்ற 1500 சிசி கார்கள் ஏற்றத்தில் திணறாது. அவற்றின் எஞ்சினில் பெல்டுக்குப் பதில் செயின் இருப்பதால், ஒயில் ஒழுங்காக மாற்றப்பட்டிருந்தால் நீண்ட காலம் உழைக்கும்.

டவுன்ஏஸ் போன்ற பழைய டீசல் வேன் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2சி, 3சி எஞ்சின்கள் சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும் வழக்கமுள்ளவை. மலையில் வாழ்ந்த டவுன்ஏஸ் என்றால் ஒரு தடவையாவது ஹெட் கழற்றப்பட்டிருக்கும். கழற்றியதில் தவறில்லை, எங்கே, எப்போது, என்ன மாற்றினார்கள் என்பதைக் கேளுங்கள்.

ஹொண்டா ஃபிட் ஜிபி5, வெசல், கிரேஸ் ஹைபிரிட் மூன்றிலும் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளச் பெட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில் அருமையாக இழுக்கும். ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளச் என்பதால், ஏற்றமும் ட்ராஃபிக்கும் சேர்ந்த இடத்தில் ஊர்ந்தால் சூடேறி டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். கண்டி டவுனுக்குள் தினம் ஏறி இறங்குபவர் இதை எடுக்கும் முன் இரண்டு முறை யோசிக்கவும். ஜப்பானில் இந்தக் கியர் பெட்டிக்காக ஆரம்ப காலக் கார்கள் பல தடவை திரும்ப அழைக்கப்பட்டன.

பேப்பரைப் போனிலேயே பாருங்கள்

மஸ்கெலியாவிலிருந்து கம்பஹாவுக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போய், அங்கே போனபின் பேப்பர் சரியில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்ததும், வாகனப் பதிவுச் சான்றான சி.ஆர். புத்தகத்தின் தெளிவான படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். தரத் தயங்குபவரை அத்தோடு விட்டுவிடலாம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது பதிவு செய்யப்பட்ட உரிமையாளரின் பெயர். விற்பவரின் அடையாள அட்டையும் இதுவும் ஒன்றா? அடுத்தது முழு உரிமையாளர் என்ற இடம். அங்கே ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கார் சட்டப்படி அந்த நிறுவனத்துடையது. “தவணை கட்டி முடிந்தது, பெயர் எடுக்கவில்லை, அவ்வளவுதான்” என்றால், நிறுவனத்தின் கடன் தீர்வுக் கடிதத்தைப் பார்த்து, அந்தப் பெயர் நீக்கப்பட்ட பிறகே மிகுதிப் பணம் என்று சொல்லுங்கள். ஓடும் லீசிங்கை ஒரு சாதாரணக் கடதாசியில் எழுதி வாங்குவது மிக ஆபத்தானது. நீங்கள் மாதாமாதம் அவர் கையில் கொடுத்த பணத்தை அவர் கட்டவில்லையென்றால், நிறுவனம் காரை உங்கள் வாசலிலிருந்து எடுத்துச் செல்லும். உங்கள் கடதாசி அதைத் தடுக்காது.

தயாரிப்பு ஆண்டும் முதல் பதிவுத் திகதியும் வேறு வேறு. ஜப்பானில் ஓடி, பிறகு இங்கே வந்த காருக்கு இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று வருடம் இருக்கலாம். விலை பேசும்போது தயாரிப்பு ஆண்டைப் பிடித்துப் பேசுங்கள்.

பெயர் மாற்றப்படாமல் மூன்று நான்கு பேர் கைமாறி, முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வரும் காரை ஓபன் பேப்பர் என்பார்கள். அந்த முதல் ஆள் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ பெயர் மாற்றம் வருடக்கணக்கில் இழுபடும். அந்தக் கார் முன்பு ஏதாவது விபத்தில் சிக்கியிருந்தால், பொலிஸ் இப்போது ஓட்டுபவரையும் தேடிவரலாம். இரண்டு இலட்சம் குறைவு என்பதற்காக இதை எடுக்காதீர்கள். அரச ஊழியர் பெர்மிட்டில் வந்த வாகனமென்றால் குறிப்பிட்ட காலம்வரை பெயர் மாற்றத் தடை இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

பேப்பர் சரியென்று தோன்றினால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி அந்த இலக்கத்துக்குரிய பதிவேட்டு விபரப் பிரதியை எடுக்கலாம். கையிலுள்ள புத்தகமும் திணைக்களப் பதிவும் ஒன்றா என்பது அதில் தெரியும். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி மூன்றின் திகதியையும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் சில வருடமாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் நிலுவையும் தண்டமும் உங்கள் தலையில் விழும்.

காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்

“நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முந்திய நாளே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள், அல்லது வேறொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் பல விஷயத்தை மறைக்காது.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். உள்ளே பச்சை, சிவப்பு அல்லது நீல நிறத்தில் தெளிந்த கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், இருக்க வேண்டும். துருநிறத் தண்ணீர் என்றால் பைப் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே துரு கட்டி, ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபடத் தொடங்கியிருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பால்கோவா மாதிரி வெளிறிய பசை கொஞ்சம் இருப்பது நுவரெலியா, கந்தப்பளை போன்ற குளிர் ஊர்களில் குறுந்தூரம் மட்டுமே ஓடும் கார்களில் சாதாரணம். ஈரக்காற்று படிவதால் வருவது. அதைக் கண்டதும் பயந்து திரும்பிவிடாமல், ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் ஒயில் பால் கலந்தது போலிருந்தால்தான் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

இப்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். குளிர் காலையில் வெள்ளை ஆவி வருவது இயல்பு. சில நிமிடத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், இனித்த வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை ஒயில் எரிவது. கறுப்பு, எரிபொருள் அதிகம் போவது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் காலையில் முதல் தடவை எஞ்சின் பிடிக்கும்போது சில வினாடி பயங்கரமாக உதறினால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் அடைபட்டு ஹெட் கேஸ்கட் போகத் தொடங்கும் அறிகுறி அது.

எஞ்சின் பதினைந்து நிமிடம் ஓடியும் சூடு ஏறவில்லையா? எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ஓட்டத்தை அடைத்துவைக்கும் தர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். சூடேறும் காருக்கு இங்கே பல கராஜ்களில் செய்யும் முதல் வைத்தியம் அதுதான். இன்னொன்று, ஃபேனுக்குச் சுவிட்சிலிருந்து நேராக வயர் கொடுத்து எந்நேரமும் ஓடவிடுவது. இரண்டும் ஒரு பழைய கொதிப்பை மூடிவைத்த அடையாளம். போதாததற்குக் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். ஹைபிரிட்டில் எஞ்சின் அணையவே மறுக்கும்.

ஹீட்டரையும் ஏசியையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். “குளிர் ஊருக்கு ஏசி எதற்கு?” என்று விற்பவர் கேட்பார். அப்புத்தளையில் மாலை மூடுபனியில், நான்கு பேர் மூச்சுவிடும் காருக்குள் முன் கண்ணாடி வெளுத்துப்போனால் அதைத் தெளியவைப்பது ஏசிதான். ஈரத்தை உறிஞ்சுவது அதன் வேலை. ஹீட்டர் ஒழுகியபோது பழுதுபார்க்காமல் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து வெட்டிவிட்டிருப்பார்கள். எஞ்சினுக்குப் பின்பக்கச் சுவரருகே குனிந்து பார்த்தால் தெரியும்.

உடம்பு: விபத்தும் வெள்ளமும்

வெயிலில், மழை ஈரம் இல்லாதபோது பாருங்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா? பொனட் கீல், ஃபெண்டர் போல்டுகளில் ஸ்பேனர் பட்ட கீறல் இருந்தால் கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. டிக்கியில் உதிரிச் சக்கரத்தைத் தூக்கி அதன் கீழ்த் தகட்டில் சுருக்கமோ புதுப் பெயின்டோ இருக்கிறதா எனப் பாருங்கள். ஒரு கதவின் கண்ணாடியில் மட்டும் அச்சிட்ட குறி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லையென்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. செசி இலக்கத்தை விரலால் தடவுங்கள். சுற்றிலும் வெல்டிங், புதுப் பெயின்ட், இலக்கங்களின் உயரத்தில் வித்தியாசம் எதுவும் இருக்கக்கூடாது. அது சந்தேகமாக இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இரண்டு அரைகுறைக் காரை வெட்டி ஒட்டியதும், வேறொரு காரின் இலக்கத்தில் ஓடுவதும் நாட்டில் உண்டு.

சாவியை ஓன் நிலைக்குத் திருப்பும்போது எயார்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது வேறொரு விளக்கோடு இணைத்திருக்கிறார்கள். டக்காட்டா எயார்பேக் குறைக்காக உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் இங்கே ஓடும் பல ஜப்பானிய வகைகளும் அடங்கும். செசி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அல்லது ஏஜெண்டிடம் கொடுத்துச் சரிபாருங்கள்.

வெள்ளம் பட்ட கார்கள் பற்றி இப்போது கூடுதல் கவனம் தேவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்திலும் களனி ஆற்றோரத்திலும் ஏராளமான வாகனங்களைத் தண்ணீரிலும் சேற்றிலும் அமிழ்த்தியது. கழுவி, சீட் துணி மாற்றி, வாசனை அடித்துச் சந்தைக்கு வந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. சீட் பெல்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கோடு கிடக்கும். ஆசனம் நகரும் தண்டவாளத்தின் துரு, கால்விரிப்புக்குக் கீழுள்ள பஞ்சின் ஈரம், ஃபியூஸ் பெட்டியின் மூலையில் மெல்லிய மண், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க்கோடு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுங்கள். மேல்நாட்டின் சாதாரண ஈரத்திலும் பூஞ்சணம் வரும், ஆனால் மண் வராது. வெள்ளத்தில் நின்ற ஹைபிரிட்டை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு, பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் ஆசனத்தின் வலப்பக்க விளிம்பு மூன்றையும் மீட்டரோடு ஒப்பிடுங்கள். 50,000 கிலோமீற்றர் காட்டும் காரில் பெடல் ரப்பர் வழுக்கையாக இருக்காது. ஜப்பான் ஏலத்தில் வந்த காருக்கு, அன்றைய நிலையையும் ஓட்டத்தையும் பதிந்த ஏலத் தாள் உண்டு. விற்பவர் காட்டும் பிரதியை நம்பாமல் செசி இலக்கத்தை வைத்து நீங்களே எடுத்துப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர், மேலுள்ள பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும், ரப்பர் இறுகி, நனைந்த ரோட்டில் பிடிக்காது. உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முன்பக்க அடிப்பாகங்களில் தேய்மானம் இருக்கிறது.

ஏற்றமும் இறக்கமும்

டவுனைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு முடிவெடுக்காதீர்கள். விற்பவர் கீழ்நாட்டில் இருந்தால் கடுகண்ணாவை வரையாவது வரச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். பெட்ரோல் செலவை நீங்கள் கொடுங்கள். நான்கு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, இருபது நிமிடமாவது தொடர்ந்து ஏற வேண்டும்.

முதலில் ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் மட்டும் போடுங்கள். முகம் மேலே பார்த்தும், பிறகு கீழே பார்த்தும், இரு விதமாகவும் நிற்க வேண்டும். கியர் காரென்றால் அதே இடத்திலிருந்து எடுக்கும்போது கிளச் கருகும் வாடை வருகிறதா பாருங்கள். மூன்றாம் கியரில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் எஞ்சின் இரைச்சல் கூடி வேகம் கூடாமலிருந்தால் கிளச் வழுக்குகிறது. தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்டில் ஓடும் சிவிடி ஆட்டோ என்றால் 20 முதல் 40 வேகத்துக்குள் நடுங்குகிறதா, ஊளையிடுகிறதா என்று கேளுங்கள். ஒயில் மாற்றப்படாத சிவிடியின் குறை முதலில் அங்கேதான் வெளிப்படும்.

மேலே போனதும் எஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிடம் நிற்கவிடுங்கள். காற்றோட்டம் நின்றதும் சூடு ஏறப் பார்க்கும். ஃபேன் ஓடி, சூட்டை இறக்கி, மறுபடி நிற்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை அப்போது தொடவே கூடாது. ரிசேவ் டாங்கியைப் பாருங்கள்: உள்ளே குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

அதைவிட முக்கியம் இறக்கம். நியூட்ரலில் விடாமல், இரண்டாம் கியரிலோ ஆட்டோவில் எல், எஸ் நிலையிலோ இறங்குங்கள். பின்னால் வண்டி வராத இடத்தில் 40 வேகத்திலிருந்து 10 வரை பிரேக்கை அழுத்திக் குறைப்பதை ஐந்தாறு தடவை செய்யுங்கள். ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் ஒரு கெலிப்பர் சிக்கியிருக்கிறது. இறங்கி நான்கு சக்கரத்தருகிலும் கையைத் தொடாமல் கொண்டுபோனால் எது கொதிக்கிறது என்று தெரியும். பெடல் போகப்போகப் பஞ்சு மாதிரி ஆனால் பிரேக் ஒயில் பழசு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் குழாய்க்குள் ஆவியாகிவிடும். ஆவியை அழுத்தினால் பிரேக் பிடிக்காது. நிறுத்தியபின் பெடலை ஒரே அழுத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும்.

ஹைபிரிட்டில் இறங்கும்போது பெட்டரி நிறைந்தவுடன், பி (B) நிலையில் எஞ்சின் திடீரென்று உரத்து ஓடும். அது பழுதில்லை; பிரேக்கைக் காப்பாற்ற எஞ்சினே வேகத்தைப் பிடிக்கிறது. பழுது எதுவென்றால், ஏறும்போது பெட்டரி மட்டம் இரண்டு மூன்று நிமிடத்தில் அடிமட்டத்துக்கு விழுந்து, இறங்கும்போது அதே வேகத்தில் நிறைந்துவிடுவது. பெட்டரி தன் கொள்ளளவை இழந்துவிட்டது என்று அர்த்தம்.

நிசான் லீஃப் பார்ப்பவர்கள் மீட்டரின் ஓரத்தில் பெட்டரி ஆரோக்கியம் காட்டும் 12 கோட்டில் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு, தூரத்துக்கான செலவைச் சேர்க்காமல், நாலு பேரோடு அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 8 கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும். ஆரம்ப லீஃபின் புதுப் பெட்டரியே 24தான்.

இறுதியில் ஒரு மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து இரு பக்கமும் வட்டமடியுங்கள். டக் டக் என்றால் எக்ஸல் ஜொயிண்ட். மெதுவாகக் குழியில் இறக்கினால் வரும் அடி ஷொக், போல் ஜொயிண்ட், புஷ் பக்கம். தோட்டத்து ரோட்டில் ஓடிய காரில் இவை தேய்வது இயல்பு. இவற்றை மாற்றிக்கொள்ளலாம்; விலையில் கழியுங்கள், காரை நிராகரிக்க வேண்டாம்.

கராஜ்

விற்பவருக்குத் தெரிந்த கராஜுக்குப் போகாதீர்கள். நீங்களே தேர்ந்த இடத்தில் தூக்கிப் பாருங்கள், ஸ்கேன் பண்ணுங்கள். ஸ்கேனில் தற்போதைய பிழைகளோடு, “கடைசியாக அழித்தது எப்போது” என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று அழித்திருந்தால் அதுவே ஒரு தகவல். சிலிண்டருக்குள் எழும் அழுத்தமான கம்ப்ரஷனை அளந்தால், உயரமான ஊரில் கேஜ் புத்தகத்திலுள்ளதை விடக் குறைவாகவே காட்டும். ஆகவே எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வீதத்துக்கு மேல் போனால் உள்ளே வேலை இருக்கிறது. ஹைபிரிட்டில் பெட்டரியின் பகுதிகளைத் தனித்தனியாகப் படிக்கக்கூடிய ஸ்கேனர் தேவை. அக்வாவில் 20, பிரியஸ் 30 எனப்படும் மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மொடியூல்கள். ஏற்றத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக விழுந்தால் அது போகப்போகிறது. பெட்டரிக்குக் காற்று உறிஞ்சும் சல்லடை பின் ஆசனத்தருகே இருக்கும். அது தூசியால் அடைந்திருந்தால் பெட்டரி சூட்டிலேயே வாழ்ந்திருக்கிறது.

விலை, கையெழுத்து, பெயர் மாற்றம்

ரியசெவன, இக்மன் ஆகிய இரண்டு விளம்பர இணையதளங்களிலும் அதே வகை, அதே தயாரிப்பு ஆண்டுக் கார்கள் பத்தைப் பார்த்து விலையை எழுதுங்கள். அவை கேட்கும் விலை. விற்ற விலை அதற்குக் கீழே இருக்கும். கராஜ் தந்த பழுதுப் பட்டியலைக் காட்டி, பாகத்துக்கும் கூலிக்கும் எவ்வளவு என்று சொல்லிப் பேசினால் விற்பவரும் மரியாதையோடு இறங்கிவருவார். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஒரு போன் போட்டுப் பழைய பாகத்தின் விலையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். அதற்கு ரசீதில் காரின் இலக்கம், செசி இலக்கம், மொத்த விலை, பேப்பர் சரியில்லையென்றால் பணம் திரும்பத் தரப்படும் என்ற வரி நான்கும் வேண்டும். மிகுதியை வங்கி வழியாகவே கொடுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் திகதியோடு காரைக் கையளித்த நேரத்தையும் எழுதுங்கள். அன்று காலை அவர் செய்த விபத்து மாலையில் உங்கள் பேரில் வராமலிருக்க இதுவே சாட்சி. ஒப்பந்தமும் லீசிங் பத்திரமும் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் நீட்டப்படும். புரியாத பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பின் தவித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தமிழில் கேளுங்கள், இல்லையென்றால் வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்துப் போங்கள், ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. வட்டி, தாமதக் கட்டணம், முன்கூட்டித் தீர்த்தால் கட்ட வேண்டியது மூன்றையும் எழுதி வாங்குங்கள். பிணை நிற்கும் அண்ணனுக்கும் மச்சானுக்கும் தாங்கள் என்னத்துக்குக் கையெழுத்திடுகிறோம் என்று தெரிய வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் நிறுவனம் அவர்களிடம்தான் போகும்.

பெயர் மாற்றத்துக்கு வாங்குபவரின் எம்.டி.ஏ. 6, விற்பவரின் எம்.டி.ஏ. 8 படிவங்கள், அசல் சி.ஆர். புத்தகம், இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள் தேவை. வரி அடையாள இலக்கமான டின்னும் கேட்கப்படுவதால் முன்பே எடுத்து வையுங்கள். விற்பவர் கையெழுத்திடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். கையெழுத்து பதிவிலுள்ளதோடு பொருந்தாவிட்டால் படிவம் திரும்பிவரும். திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்டிக்கு ஒரு பயணம் வீணாகாதிருக்க, என்னென்ன கொண்டுவர வேண்டும், எந்தக் கிளையில் செய்யலாம் என்பதைப் போனில் உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். தள்ளிப்போட்டால் தாமதக் கட்டணம் ஏறும். காப்புறுதியை உங்கள் பெயரில் எடுத்த பிறகே காரை ரோட்டில் இறக்குங்கள். இழப்பீடு கேட்காமலிருந்ததற்காக முந்தியவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை அவரோடு போய்விடும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

எஞ்சின் ஒயிலும் ஃபில்டரும், கூலன்ட், பிரேக் ஒயில் மூன்றையும் விற்பவர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். பழைய கூலன்டை வடித்து, சுத்தத் தண்ணீரால் இரண்டு முறை அலசி, காருக்குரிய கூலன்டை ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்று அடைபட்டால் புது கூலன்டோடும் சூடேறும். ரேடியேட்டர் மூடியைப் புதிதாகப் போடுங்கள். கழற்றி எறியப்பட்ட தர்மோஸ்டட்டைத் திரும்ப மாட்டுங்கள். ஆட்டோ கியர் ஒயில் எரிந்த வாடையோடு கறுத்திருந்தால் கழுவி மாற்றுவதற்கு முன் கியர் பெட்டி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிரேக் பேட் 3 மில்லிமீற்றருக்குக் கீழ் இருந்தால் அடுத்த மாதம் என்று விடாமல் அன்றே மாற்றுங்கள். வைப்பர் ரப்பரும், முன் விளக்குகளின் மங்கிய கண்ணாடியும் சின்னச் செலவு; மூடுபனியில் முதலில் தேவைப்படுவது அவைதான். பிறகு குடும்பத்தை ஏற்றாமல், நீங்கள் மட்டும் ஒரு தடவை உங்கள் வழக்கமான ஏற்றத்தில் ஏறி இறங்கிவந்து, மறுநாள் காலை கூலன்ட் மட்டத்தையும் ஒயில் மட்டத்தையும் பாருங்கள். இரண்டும் இறங்காமல் இருந்தால் அடுத்த பயணத்துக்கு ஆளை ஏற்றலாம்.